இருபத்தெட்டு நாள்

முதல் தரம் போனபோது
வான் பிடித்துப் பதினொரு பேர்
கட்டுநாயக்கா வரைக்கும் வந்தார்கள்.
எனக்குப் பத்தொன்பது. அழுதேன்.
இந்தத் தரம் முப்பதுக்கு இரண்டு குறைவு.
பெட்டி அதே பெட்டி.
லீட்ஸ் ரயில் நிலையத்தில் கழன்ற சில்லு
இன்னும் கழன்றபடி.

நிதியியலில் முதுமாணி.
சொல்லும்போது வாய் நிறைகிறது.
கட்டணத்தை ரூபாயில் பெருக்கிய அப்பா
கல்குலேட்டரை அணைத்து
மறுபடி போட்டுப் பார்த்தார்,
பிழை மெசினில் என்பதுபோல.

விதி இதுதான்:
காசு கணக்கில் கிடக்கவேண்டும்
இருபத்தெட்டு நாள்,
ஒரு சதமும் குறையாமல்.
அப்பாவின் சேமலாப நிதி.
செட்டியார் தெருவில் அம்மாவின் ஆறு காப்பு.
மிச்சத்துக்குக் கொட்டாஞ்சேனை அருமைத்துரை,
இரும்புக்கடைக்காரர்:
"மாசம் முடியத் தந்திடவேணும், தங்கச்சி."

பிள்ளை பிறந்த வீட்டுக்குத் துடக்கு
முப்பத்தொரு நாள்.
எங்களுக்கு மூன்று நாள் சலுகை.
பச்சைக் குழந்தை மாதிரிக் காசு தூங்கியது.
கதவை மெல்லச் சாத்தினோம்.
ஒன்பதாம் நாள் பிரிட்ஜ் நின்றுபோனது.
அம்மா அன்றன்றைக்கு மீன் வாங்கினாள்,
பாலை இரண்டு தரம் காய்ச்சினாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
பதினான்காம் நாள் தம்பி கேசிகன்
கடைவாய்ப் பல்லைக் கிராம்பு வைத்து அடக்கினான்.
பதினேழாம் நாள் ரூபாய் சரிந்தது.
அப்பா டிவியை நிறுத்திவிட்டு
பல்கனியில் போய் நின்றார்.
கடைசி ரயில் கடலோரமாய்ப் போனது,
ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

இன்றைய ரூபாய்
நாளைய ரூபாயைவிடப் பெரியது:
நிதியியலின் முதல் பாடம்.
அதைப் படிக்க
இந்த ஊரில் ஒரு பால்மா பக்கெட் போதும்.

கொள்ளுப்பிட்டியில் எனக்கு ஐந்து வருஷமாக
லீசிங் கம்பனியில் வேலை, கடன் பிரிவு.
மற்றவர்களின் வங்கிக் கூற்றை வாசிப்பேன்.
வறண்ட கணக்கில் திடீரென்று ஒரு பெருந்தொகை விழுந்திருந்தால்
சிவப்புப் பேனையால் சின்ன வட்டம்,
பக்கத்தில் 'மூலம்?'
போன மார்கழியில் ஓட்டோ எடுக்க வந்த றிஸ்மி
"மச்சான் தந்தது, மிஸ்" என்றான்.
சட்டையில் இஸ்திரி மடிப்பு அப்படியே இருந்தது.
வட்டத்தை நான் அழிக்கவில்லை.

இருபத்தெட்டாம் நாள்
வெள்ளவத்தைக் கிளையில்
முத்திரை குத்தித் தந்தார்கள்.
வேலைக்குப் போகிற ரயிலில்
கம்பியைப் பிடித்தபடி வாசித்தேன்,
இது யாரோ ஒருத்தியின் கூற்று என்று.
தை வறட்சி. மாசி வறட்சி.
பங்குனி மூன்றாம் தேதி
மழை பெய்ததுபோல் ஒரே ஒரு வரி.
பேனை கைப்பையில் இருந்தது.
சிவப்பு.
பம்பலப்பிட்டி வந்தது, போனது.
தாளை மடித்தேன்.

படிப்பு முடிய நாடு திரும்புவீர்களா?
ஆம்.
போன தரமும் ஆம் என்றுதான் எழுதினேன்.
திரும்பியும் வந்தேன்.
வந்ததை ஒருவரும்
எந்தப் படிவத்திலும் பதியவில்லை.

மாலை அருமைத்துரையின் காசு
அவரிடமே போனது.
தேத்தண்ணி தந்தார்,
"எங்கட மகளுக்கும் ஒரு இடம் பாருங்கோ" என்றார்.
கணக்கில் மிச்சம்
முதல் தவணைக்குக் காணும்.
மற்றதுக்கு
கம்பளிக் கையுறையுடன் ஏதோ ஒரு கடையில்
பெட்டி அடுக்குவேன், பழகிய வேலை.

மறுநாள் மெக்கானிக் வந்தார்.
பிரிட்ஜின் பின்பக்கம் குனிந்து
ஒரு விரல் நீள வயரை நீட்டினார்.
ஆயிரத்து ஐந்நூறு.
"இதுக்கோ மூண்டு கிழமை இருந்தனீங்கள்?"
நாங்கள் நாலு பேரும்
நாலு பக்கம் பார்த்தோம்.

இரைந்துகொண்டு வேலை செய்யத் தொடங்கியது.
அம்மா ஒன்றும் வைக்காமல்
திறந்த கதவுக்கு முன்னால் நின்றாள்,
கையை உள்ளே நீட்டி.
"அங்க இவ்வளவு குளிருமே?"
ஒன்பது வருஷத்துக்கு முந்தியும் கேட்டவள்.
"இதைவிடக் கூட, அம்மா.
கதவைச் சாத்துங்கோ,
கரண்ட் போகுது."